காருக்குள் குழந்தை: கம்ப்யூட்டர் எதைக் கவனிக்கும்? எதைக் கவனிக்காது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே இந்தச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். வேர்ட் புரோகிராமில் கடிதம் ஒன்றை டைப் செய்து, சேவ் செய்யாமல் மூட முயன்றால், ‘மாற்றங்களைச் சேவ் செய்திடவா?’ என்று கேட்கும். கடிதம் முக்கியமானதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பைலில் ஏதோ மாறியிருக்கிறது, அது இன்னும் சேவ் ஆகவில்லை என்ற இரண்டு தகவல்கள் மட்டுமே அதனிடம் உள்ளன.

இன்றைய கார்களில் உள்ள கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. “பின் சீட்டில் குழந்தை இருந்தால் காரே சொல்லிவிடுமாமே?” என்று கார் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சில கார்கள் சொல்லும். ஆனால் எப்போது சொல்லும், எப்போது சொல்லாது என்பதைத் தெரிந்து வைத்துக் கொள்வது அவசியம். அதை இங்கு பார்ப்போம்.

அரை மணி நேரம் போதும்

நிறுத்திய காரின் கண்ணாடி வழியே வெயில் உள்ளே நுழைந்து சீட்டையும் டாஷ்போர்டையும் சூடாக்கும். அவை உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கும். அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தபோது, காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை சென்றது. கூடிய வெப்பத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை. சிறு குழந்தையின் உடல், பெரியவர்களின் உடலைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

நினைவூட்டும் வசதி எப்படி இயங்குகிறது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2016ல் பின் சீட் நினைவூட்டும் வசதியை அறிமுகப்படுத்தியது. இன்ஜினைக் கிளப்புவதற்கு முந்தைய 10 நிமிடங்களுக்குள்ளோ, இன்ஜின் ஓடும்போதோ பின் கதவு திறக்கப்பட்டால், கார் அதைக் குறித்துக் கொள்ளும். பயணம் முடிந்து இன்ஜினை நிறுத்தியதும் ஐந்து முறை ஒலி எழுப்பி, பின் சீட்டைப் பார்க்கும்படி திரையில் செய்தி காட்டும்.

கவனியுங்கள். அது பார்ப்பது கதவை, குழந்தையை அல்ல. வழியில் பெட்ரோல் பங்கில் இன்ஜினை நிறுத்திவிட்டு, பின் கதவைத் திறக்காமலேயே மீண்டும் கிளப்பினால், வீடு வந்ததும் ஒலி வராமல் போகலாம்.

மூச்சு விடும் அசைவையே ரேடார் மூலம் கண்டறியும் கார்களும் வந்துவிட்டன. ஐரோப்பாவில் கார்களைச் சோதித்துத் தரம் சொல்லும் யூரோ என்கேப் அமைப்பு, காரில் விடப்பட்ட குழந்தையைக் கண்டறியும் வசதிக்கு 2023 முதல் மதிப்பெண் வழங்குகிறது. ஆனால் நம் தெருவில் நிற்கும் பெரும்பாலான கார்களில் இது கிடையாது.

யாருமே ஓட்டாத கார்

2021 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் இறந்தனர். 2025 மே மாதத்தில் ஆந்திராவின் விஜயநகரம் அருகே நான்கு குழந்தைகள் இதே போல் இறந்தனர். பயணம் நடந்தால்தானே பயண முடிவில் ஒலி வரும்? இங்கே காரை யாரும் ஓட்டவே இல்லை. கதவு நினைவூட்டும் வசதி இந்த இடத்தில் உதவாது, பூட்டுதான் உதவும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டு வாசலில் நின்றாலும் காரையும் டிக்கியையும் பூட்டுங்கள். சாவியையும் ரிமோட்டையும் குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

2. சைல்ட் லாக் போட்டிருந்தால் பின் கதவு உள்ளிருந்து திறக்காது. முன் சீட்டுக்குத் தாவி வந்து கதவைத் திறக்கவும், ஹாரனை விடாமல் அழுத்தவும் குழந்தைக்குப் பழக்குங்கள். சாவி இல்லாமலே ஹாரன் ஒலிக்கிறதா என்று உங்கள் காரில் முன்பே சோதித்துப் பாருங்கள்.

3. குழந்தையைக் காணவில்லை என்றால் கிணறு, தண்ணீர்த் தொட்டியோடு, அருகில் நிற்கும் கார்களையும் டிக்கிகளையும் உடனே பாருங்கள். பூட்டிய காருக்குள் குழந்தை தவித்தால், குழந்தைக்குத் தள்ளி இருக்கும் கண்ணாடியை உடையுங்கள். 112க்குப் போன் செய்யுங்கள்.

4. மொபைல் போன், பர்ஸ், அலுவலகப் பை ஆகியவற்றில் ஒன்றைப் பின் சீட்டில் வையுங்கள். அதை எடுக்கவாவது பின் கதவைத் திறப்பீர்கள்.

5. உங்கள் கம்ப்யூட்டரையும் பயன்படுத்தலாம். கூகுள் காலண்டரைத் திறந்து ‘கிரியேட்’ பட்டனில் கிளிக் செய்து, ‘குழந்தையை விட்டாச்சா?’ என்று டைப் செய்திடுங்கள். பள்ளியில் விடும் நேரத்திற்குச் சற்றுப் பிந்திய நேரத்தைக் கொடுங்கள். ‘டஸ் நாட் ரிப்பீட்’ என்று இருக்கும் இடத்தில் ‘எவ்ரி வீக்டே’ என்பதைத் தேர்ந்தெடுத்து, சேவ் செய்திடுங்கள். அதே கூகுள் அக்கவுண்ட் உள்ள போனிலும் வார நாட்களில் நினைவூட்டல் வரும். குழந்தை வராவிட்டால் உடனே போன் செய்யும்படி பள்ளியிலும் சொல்லி வையுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. இது ஒலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. பம்பருக்கு மிக அருகில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை இது தவறவிடலாம். கேமரா இருந்தாலும் லென்ஸில் சேறு படிந்தால் பயனில்லை. எனவே ஏறும் முன் காரை ஒரு முறை சுற்றி வாருங்கள். வீட்டில் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளப்புங்கள்.

இன்று மாலையே உங்கள் காரோடு தந்த கையேட்டை எடுத்து, பின் சீட் நினைவூட்டும் வசதி உள்ளதா, அது எதை வைத்து இயங்குகிறது என்று படித்துவிடுங்கள். அந்த வசதி இல்லை என்றால், மேலே சொன்ன ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் சாவி மாட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.