புத்தகம் உண்டு; கைக்கு எட்டுமா?

கல்லூரி மாணவர்களின் மனக்குறை தீர வழி என்ன?

வீரசோழன் வறண்ட பூமி.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் மற்ற ஊர்களைப் போல, இங்கும் வானத்தைப் பார்த்துத்தான் விவசாயம். மழை பெய்தால் மிளகாய், பருத்தி கைக்கு வரும். மழை ஏமாற்றினால்? பிள்ளைகளின் படிப்புதான் குடும்பத்தைக் கரை சேர்க்க வேண்டும்.

ஆகவே, மகளுக்கோ மகனுக்கோ கல்லூரியில் இடம் கிடைத்தால் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி!

ஆனால், சேர்ந்தால் மட்டும் போதுமா? அங்கே மனநிறைவோடு படிக்க வசதி வேண்டாமா?

21 கேள்விகள்

கல்லூரிகளுக்குத் தர மதிப்பு வழங்க, 1994-ம் ஆண்டு "நாக்" என்ற அமைப்பு ஏற்பட்டது. இதன் தலைமையகம் பெங்களூர்.

2017-ம் ஆண்டு இது ஒரு புதிய முறையைக் கொண்டு வந்தது. மாணவர்களிடமே கருத்துக் கேட்பதுதான் அந்த முறை. மொத்தம் 21 கேள்விகள். பாடத்தை முழுவதும் நடத்துகிறார்களா? ஆசிரியர் தயார் செய்து கொண்டு வருகிறாரா? இப்படிப் போகும் கேள்விகள். கடைசிக் கேள்வியில் மாணவர் தம் யோசனையையே எழுதலாம்.

மாணவர் சொல்லுக்கும் மதிப்பு வந்தது, நல்ல காரியம்தானே!

தனிமையில் தவித்தவர்

இதற்கு வெகு காலம் முன்பே, மாணவரின் தேவையைப் புரிந்து கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்.

அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகர் ஆனார். சில நாளிலேயே சலித்து விட்டார். "பழைய வேலையே போதும்" என்று கல்லூரிக்குத் திரும்ப நினைத்தார்!

நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். அங்கே பல நூலகங்களைப் பார்த்தார். மனம் மாறியது. புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, படிப்பதற்கு என்று உணர்ந்தார்.

திரும்பி வந்ததும், வாசகர்களே அலமாரிக்குச் சென்று புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். 1931-ம் ஆண்டு நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். படிப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்தில், மாட்டு வண்டியில் புத்தகம் கிராமங்களுக்குப் போயிற்று. வாசகர் வர முடியாவிட்டால், புத்தகம் போக வேண்டியதுதானே!

கடைசி பஸ்

மதுரையில் 2023-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அடுக்குமாடிக் கட்டிடம், ஏராளமான நூல்கள்!

ஆனால், வீரசோழனிலிருந்து தினமும் மதுரைக்குப் போய் வர முடியுமா? கிராமத்துப் பிள்ளைக்குத் தன் கல்லூரி நூலகமே கதி.

அதுவும் எப்படி? வகுப்பு முடிந்த பிறகுதான் நூலகத்தில் உட்கார நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நூலகத்தைப் பூட்டி விட்டால்? திறந்திருந்தாலும், ஊருக்குப் போகும் பஸ் அதற்குள் புறப்பட்டு விட்டால்? ஆயிரம் புத்தகம் இருந்தும் பயன் இல்லை.

பஸ் நேரமும் நூலக நேரமும் ஒத்துப் போனால், புதிதாக ஒரு செங்கல் கூட வைக்காமலே மாணவரின் குறை பாதி தீரும்.

பெற்றோர் கேட்கலாம்

கல்லூரியில் சேர்க்கப் போகும்போது, பெற்றோர் நாலு கேள்வி கேட்கலாம்.

நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுப்பார்களா?

சோதனைச் சாலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் சோதனை செய்யுமா, தூர நின்று பார்க்குமா?

பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பிடம், குடி தண்ணீர் உண்டா?

இதைக் கேட்க, பெரிய படிப்பு வேண்டியதில்லை. சந்தையில் கத்தரிக்காயைக் கூட அழுத்திப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பிள்ளையின் மூன்று ஆண்டு வாழ்க்கைக்குக் கேட்காமல் இருக்கலாமா?

கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் கதவு திறக்கும்!