விழித்திருக்கும் ஒரே கடிகாரம்

சின்னஞ்சிறு கருவிகளின் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பது, அவற்றைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் டைமரின் கையில் இருக்கிறது.

கணக்கு எளிமையானது. சி.ஆர். 2032 எனப்படும் நாணய வடிவ பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியர்தான் செலவழிக்கலாம். ஆனால் கருவிக்குள் இருக்கும் மைக்ரோ கன்ட்ரோலர் விழித்து வேலை செய்யும்போது 5 மில்லி ஆம்பியர் இழுப்பது சகஜம். இடைவிடாமல் விழித்திருந்தால் 44 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

அதனால்தான் இந்தக் கருவிகள் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கின்றன. சுவரில் மாட்டிய வெப்பமானி என்றால் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். மார்பில் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரில் பேட்டரி தீர்ந்தால் அறுவை சிகிச்சைதான். மைக்ரோ ஆம்பியர் கணக்கு சில சமயம் உடம்பைத் தொடும் கணக்கு.

தூங்குவது சுலபம். சரியான நேரத்தில் யார் எழுப்புவது? இங்கேதான் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் வருகிறது. பழைய பாணி கெர்னல்களுக்கு ஒரு நாடித் துடிப்பு உண்டு. டைமர் ஒன்று வினாடிக்கு 100 அல்லது 1,000 முறை தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கெர்னல் எழுந்து, 'ஏதாவது வேலை உண்டா?' என்று பார்க்கும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தை அளக்கும் கருவியில், வினாடிக்கு 1,000 தட்டு என்றால், ஒரே ஒரு வேலைக்காக 60,000 முறை எழ வேண்டும். விடியற்காலையில் இறங்க வேண்டிய ரயில் பயணி இரவெல்லாம் எழுந்து எழுந்து மணி பார்ப்பது போல.

புத்திசாலிப் பயணி அலாரம் வைத்துவிட்டுத் தூங்குவார். லினக்ஸ் கெர்னல் 2007இல் அதைச் செய்தது. தாமஸ் க்ளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பில் வந்த மாற்றம் 2.6.21ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வேலை இல்லாதபோது தட்டல் நின்றுவிடும். அடுத்த வேலை எப்போதோ அந்த நேரத்துக்கு மட்டும் டைமர் ஒலிக்கும். சிறு கருவிகளுக்கான ஃப்ரீஆர்டாஸ், செஃபிர் போன்ற கெர்னல்களிலும் இந்த வசதி உண்டு.

ஆனால் எந்த டைமரில் அலாரம் வைப்பது? ஏ.ஆர்.எம். கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிஸ்டிக். இதற்கு இரண்டு குறைகள். 24 பிட் கொண்ட இது, 16 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு வினாடிக்குச் சற்று மேல் எண்ணுவதற்குள் நிரம்பிவிடுகிறது. பெரும்பாலான சிப்களில் ஆழ்ந்த தூக்கத்தின்போது இதுவும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. காவலாளியே குறட்டை விட்டால் எழுப்புவது யார்?

இதற்கு விடை கைக்கடிகாரத்திலிருந்து வந்தது. குவார்ட்ஸ் கடிகாரங்களில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருக்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதாவது ஒரு வினாடி. இந்தப் படிகத்தில் ஓடும் டைமர் ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியரில் பிழைத்துக்கொள்ளும். 24 பிட் இருந்தால் 512 வினாடி வரை நிரம்பாமல் எண்ணும். சிப் முழுவதும் உறங்கினாலும் இது மட்டும் விழித்திருக்கும்.

சிக்கனத்துக்கு விலை உண்டு. இதன் ஒவ்வொரு எண்ணிக்கையும் சுமார் 30.5 மைக்ரோ வினாடி; அதைவிட நுட்பமாக அளக்க முடியாது. ஒரு மில்லி வினாடிக்கு 32.768 எண்ணிக்கை. 'போனால் போகட்டும்' என்று 33 ஆக வைத்துக்கொண்டால் கெர்னலின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 10 நிமிடம் பின்தங்கும். விஷயம் தெரிந்தவர்கள் வினாடியை 1,024 பங்காக்கி, பங்குக்கு 32 என்று கணக்கைத் தீர்க்கிறார்கள். தூங்கும்போது ஒரு டைமர், விழிக்கும்போது இன்னொன்று என்று மாறி மாறி நேரம் பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நேரத்தின் துணுக்கு ஒன்று தொலையும். துணுக்குகள் சேர்ந்து நிமிடங்களாகும். நேரத்துக்கு மெதுவான டைமர், நுட்பமான குறுகிய அளவுக்கு மட்டும் வேகமான டைமர் என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு.

படிகத்தின் விலையை மிச்சம் பிடிக்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்.சி. ஆசிலேட்டரை நம்புவோரும் உண்டு. ஒரு சதவீதப் பிசகு என்றாலும் அது நாளுக்கு 14 நிமிடத்துக்கு மேல். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் படிகத்தில் அது 2 வினாடிகூட இல்லை. புளூடூத் போன்ற ரேடியோ இணைப்பில் இந்த வித்தியாசம் பேட்டரியிலேயே தெரியும். குறித்த நேரத்தில் மறுமுனை பேசும். தன் கடிகாரத்தில் நம்பிக்கை இல்லாத கருவி, பிசகுக்கு ஈடாக முன்கூட்டியே எழுந்து, மின்சாரத்தை விழுங்கும் ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

படிகத்தில் மிச்சம் பிடித்த காசு, ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியிலிருந்து போகிறது.