ஐந்து மைல் வட்டம்



நான் வாழும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் அஃது அமைந்துள்ளது. மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்திருப்பேனாயின், மலையை நோக்கிச் செல்லும் லாரிகளைக் காண்பேன். அவற்றுள் பல, சிமெண்டு மூட்டைகளையும் இரும்புக் கம்பிகளையும் சுமந்து செல்வன. காரவள்ளியைக் கடந்ததும் அவை 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். மண்ணும் கல்லும் மலிந்த ஒரு மலைக்கு, வீடு கட்டும் பொருள் இவ்வளவு தொலைவு ஏறிச் செல்வது ஏன்? இந்தக் கேள்வியை முன்வைத்தே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். இதற்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு கட்டடக் கலைஞரையும் உங்களுக்கு அறிமுகம் செய்விக்கிறேன்.

அவர் பெயர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றினார். தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு பெற்றார். பேக்கர் அணிந்திருந்த, துணித் துண்டுகளால் தைத்த காலணி அண்ணலின் கண்ணிற் பட்டதாம். வீணாகும் பொருளிலிருந்து பயன் காண்பவர் இவர் என்று உணர்ந்த காந்தியடிகள் அவரிடம் ஒரு கருத்தைக் கூறினார். சிற்றூரில் கட்டும் நல்ல வீடு, அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பதே அக்கருத்து. ஐந்து மைல் என்பது ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இளமையில் அதன் ஆழம் தமக்கு முழுதும் விளங்கவில்லை என்று பேக்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1945இல் அவர் இந்தியா வந்தார். தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். மருத்துவர் எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்துகொண்டு, இமயச் சாரலில் உள்ள பித்தோராகரில் நெடுங்காலம் வாழ்ந்தார். அங்கேதான் அவர் மீண்டும் மாணவரானார். கல்லூரியில் கற்ற பாடங்கள் அந்த மலையில் போதவில்லை. அவ்வூர் மக்களோ தம் காலடியில் கிடந்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு, குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளைப் பல தலைமுறைகளாகக் கட்டி வந்தனர். அவர்களிடம் அவர் கற்றார். 1963இல் கேரளத்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் நிலைத்தார்.

அவர் கையாண்ட முறைகள் சிலவற்றை விளக்குவேன். நம் கொத்தனார்கள் வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துச் சுவர் எழுப்புவர். பேக்கரோ செங்கல்லை அதன் விளிம்பில் நிமிர்த்தி வைத்தார். இரண்டு வரிசைகள் நிமிர்ந்து நிற்கும். நடுவே வெற்றிடம் இருக்கும். ஆங்காங்கே ஒரு கல் குறுக்கே நின்று இரண்டையும் பிணைக்கும். இதனை எலிப்பொறிக் கட்டு என்பர். சுவரின் கனம் குறைவதில்லை. செங்கல்லோ ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் வெளிச் சுவரில் அடிக்கும் வெயில் அறைக்குள் விரைந்து இறங்குவதில்லை.

அடுத்தது மேல்தளம். காங்கிரீட்டுத் தளத்தின் மேற்பகுதி அமுக்கத்தைத் தாங்குகிறது; கீழ்ப்பகுதியில் உண்டாகும் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குள்ள காங்கிரீட்டின் பெரும்பகுதி வெறும் சுமையாகத்தான் தொங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் என்ன என்று பேக்கர் எண்ணினார். சிமெண்டு குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது, அதனால் கம்பியும் குறைந்தது. உடைந்த வீட்டின் ஓடு புதிய வீட்டின் கூரைக்குள் இடம்பெற்றது.

மாணவர்களே, சிமெண்டைக் குறைப்பது வெறும் காசுக் கணக்கு அன்று. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டே சிமெண்டு செய்கிறார்கள். சுடுவதற்கு எரிபொருள் வேண்டும். சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படும். மனிதர்களால் உலகில் உண்டாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது. ஒரு மூட்டையை மிச்சப்படுத்துபவர் தம் பணப்பையோடு வானத்தையும் காக்கிறார்.

பேக்கரின் வேலைமுறை இன்னும் உயர்ந்தது. வீடு கட்ட விரும்புவோருடன் முதலில் உட்கார்ந்து பேசுவார். எத்தனை பேர் வாழப் போகிறார்கள், எங்கே சமைப்பார்கள், எங்கே உறங்குவார்கள் என்று கேட்டறிவார். பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் படம் வரைவார். பிறகு கொத்தனார்களுடன் களத்தில் நின்று வேலை செய்வார். திருவனந்தபுரத்தின் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குக் கட்டடங்கள் எழுப்பியபோது, மேட்டைச் சமப்படுத்தவும் இல்லை. மரங்களை வெட்டித் தள்ளவும் இல்லை. மரம் நின்ற இடத்தில் சுவரே வளைந்து ஒதுங்கியது. அவர் இந்தியக் குடிமகனானார்; 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2007இல் மறைந்தார்.

பழைமையைக் காப்பதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். அதற்கு முதலில் திட்டம் வகுத்தவர் பேக்கர். அதைத் தொடர்ந்து நிறைவேற்றியவர், அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ். இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து, கொண்டுவந்து, மறுபடியும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் தூண்களையும் கேரளத்து மரவீட்டின் இணைப்புகளையும் அங்கே காணலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தரங்கம்பாடியில் மீனவர் வீடுகளைத் திரும்பக் கட்டியபோதும் பென்னி குரியகோஸ் தம் ஆசிரியரின் வழியையே பின்பற்றினார். வீட்டில் வாழப்போகும் குடும்பங்களைக் கேட்டே வீடுகளை வகுத்தார்.

இவ்வளவும் சொல்லும் நான், என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் ஓடு வேய்ந்த பழைய கூடம் ஒன்று இருந்தது. சுவர் தடிப்பானது, கூரை உயரமானது. இரண்டு மூன்று இடங்களில் மழைநீர் ஒழுகியது. அதை இடித்துவிட்டுத் தளம் போட்ட கட்டடம் வேண்டும் என்று நானே எழுதிக் கேட்டேன். முதிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, நாலு கைமரத்தை மாத்தி, ஓட்டைத் திருப்பி வேஞ்சாப் போதுமுங்க, இன்னும் ஒரு தலைமுறை நிக்குமுங்க" என்றார். நான் அவர் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. புதிய கட்டடம் எழுந்தது, பெயர்ப்பலகை மின்னியது. பங்குனி பிறந்ததும் உண்மை தெரிந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தாழ்ந்த தளம், பிற்பகலில் அவ்வெப்பத்தைப் பிள்ளைகளின் தலைமேல் இறக்கியது. பழைய கூடத்தில் சூடான காற்று உயர எழுந்து ஓடுகளின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். புதியதில் அதற்கு வழியில்லை. பிற்பகல் வகுப்புகளை வேப்ப மரத்தடியில் நடத்தினேன். பௌதிகத்தில் வெப்பம் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான்!

இதே வெப்பத்தைச் சிறு வயதில் வகுப்பறையில் பட்டறிந்த ஒருவர் வேறு வழி கண்டார். ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டின் காண்டோ என்னும் சிற்றூரில் பிறந்த பிரான்சிசு கேரே, ஜெர்மனியில் கட்டடக் கலை பயின்று, தம் ஊருக்கு ஒரு பள்ளி கட்டினார். 2001இல் அது முடிந்தது. உள்ளூர்க் களிமண்ணில் செங்கல் அறுத்தனர். ஊராரே வேலையில் கூடினர். தகரக் கூரையை அறையின் மேல் ஒட்டாமல் உயர்த்தி நிறுத்தியதால், இடையே காற்று ஓடி வெப்பத்தை அடித்துச் சென்றது. 2022இல் அவருக்குக் கட்டடக் கலையின் தலைசிறந்த பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

பழையன எல்லாம் நல்லன என்று நான் சொல்ல வரவில்லை. கூரை வீடு தீப்பற்றும். மண் சுவரில் கரையான் ஏறும். ஆண்டுதோறும் மெழுகியும் வேய்ந்தும் கை ஓய்ந்த பெண்கள் தள வீட்டை விரும்புவதில் தவறில்லை. பேக்கரும் சிமெண்டை அடியோடு விலக்கியவர் அல்லர். தேவையான இடத்தில் தேவையான அளவு பயன்படுத்தினார். தேவை எது என்பதை வாழ்பவரிடமும், மண்ணிடமும், கைத்தொழில் அறிந்த முதியவரிடமும் கேட்டறிந்தார். நான் கேளாமல் விட்டது அதுவே.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள். எல்லோரும் என்றேனும் ஒரு வீட்டில் குடியேறுவீர்கள். ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் ஊரைச் சுற்றி ஐந்து மைல் வட்டம் ஒன்று வரையுங்கள். அதற்குள் என்ன மண், என்ன கல், எத்தனை சூளை, எத்தனை தச்சர், எத்தனை கொத்தனார் என்று குறியுங்கள். இடிபடவிருக்கும் பழைய வீடு ஒன்று இருந்தால், அதன் சுவரையும் கூரையையும் அளந்து படம் எழுதி வையுங்கள். அதைக் கட்டிய கை இன்னும் உயிரோடிருந்தால், அருகில் அமர்ந்து கேளுங்கள். அந்தக் கை ஓய்ந்தபின் எந்த நூலகத்திலும் அந்தப் பாடம் கிடைக்காது.