லில்லி என்ற பெயரும் பூனையின் சிறுநீரகமும்

மாணவர்களே, மலையகத்தில் பிறந்த உங்களுக்குப் பூஞ்செடிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வரை வீதியோரமெங்கும் பூக்கள்தான். லயத்து வாசலிலும் பழைய பேணியொன்றில் ஏதாவது பூத்திருக்கும். இவற்றுட் பல இந்நாட்டுக்குரியவை அல்ல. ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861 இல் சிங்கோனா பயிரிடுவதற்காகவே ஆரம்பிக்கப்பட்டது. ஆங்கிலேயத் துரைமார் தமது பங்களா முற்றங்களுக்கென விரும்பி வளர்த்த அந்நியச் செடிகள் காலப்போக்கில் லயங்களுக்கும் வந்துசேர்ந்தன. லயத்தில் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்பதும் வழக்கமே. ஆகவே, இச்செடிகளுள் எவை பூனைக்கு நஞ்சு என்பது நமக்குப் பயன்படும் கேள்வியாகும்.

"நச்சுத் தாவரம்" என்று மட்டும் விடை எழுதினால் அது அரைகுறை விடையே. எந்தத் தாவரம், எந்த உயிரினத்துக்கு, எந்த உறுப்பைத் தாக்குகின்றது என்று எழுத வேண்டும். இதற்கு லில்லியை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

நத்தார், உயிர்த்த ஞாயிறு நாட்களில் தேவாலயங்களை அலங்கரிக்கும் உண்மையான லில்லிப் பூக்கள் 'லில்லியம்' என்ற சாதியைச் சேர்ந்தவை. ஒரே நாளில் விரிந்து வாடிவிடும் 'ஹெமரோகல்லிஸ்' என்னும் நாள் லில்லியும் அவற்றைப் போன்றே ஆபத்தானது. இலை, பூ, தண்டு மட்டுமல்ல, மகரந்தமும் பூச்சாடித் தண்ணீரும்கூடப் பூனைக்கு நஞ்சாகும். பூனை பூவைத் தின்ன வேண்டுமென்பதில்லை. உரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். நஞ்சு சிறுநீரகத்தியின் சிறுகுழாய்ச் சுவரிலுள்ள கலங்களை அழிக்கின்றது. முதல் சில மணித்தியாலங்களில் பூனை வாந்தி எடுக்கும், உணவை வெறுக்கும். பின்னர் சற்றுத் தேறியது போலவும் தோன்றலாம். இதைக் கண்டு பலர் ஏமாந்துவிடுகின்றனர். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இதே லில்லியை நாய் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு முடிந்துவிடுகின்றது!

இனி, பெயரால் வரும் குழப்பத்தைப் பாருங்கள். நீரோடைக் கரைகளிலும் ஈரமான பள்ளங்களிலும் வெள்ளைப் புனல் போலப் பூக்கும் செடியையும் நாம் லில்லி என்றே அழைக்கின்றோம். அதன் விஞ்ஞானப் பெயர் 'சன்ரெடெஸ்கியா'. அது தென்னாபிரிக்கச் செடி. லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேம்பைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் நாக்கு அரிப்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளே அதற்குக் காரணம். இச்செடியைக் கடித்த பூனைக்கும் வாய் எரியும், எச்சில் வடியும். ஆனால் உயிராபத்து அரிது. ஒரே பெயர், இரண்டு செடிகள், இரண்டு முடிவுகள். இருசொற் பெயரீட்டை ஏன் படிக்கின்றோம் என்று முணுமுணுப்பவர்கள் இதைக் கவனிக்க.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். வேலியோரத்தில் நீண்ட எக்காளம் போலத் தொங்கும் பூக்களைக் கொண்ட செடி ஊமத்தையின் உறவு, தென்னமெரிக்காவுக்கு உரியது. இதிலுள்ள அத்துரோபீன் கண்மணியை விரியச் செய்து, இதயத் துடிப்பை அதிகரிக்கும். இது பூனைக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் கொடிய நஞ்சு. பங்களாத் தோட்டங்களில் அடர்ந்து பூக்கும் அசேலியாவும் நஞ்சுடையது. அது இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நத்தார் காலத்தில் சிவக்கும் பொயின்செற்றியா மீதான பழியோ அதிகப்படியானது. அதன் பால் வாயையும் வயிற்றையும் சற்று உறுத்தும், அவ்வளவுதான்.

பூனை ஏன் இவ்வளவு எளிதில் நஞ்சுக்கு இரையாகின்றது? முதலாவது, அது நாள்தோறும் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. இரண்டாவது, அது முற்றான ஊனுண்ணி. தாவர உணவையும் உண்ணும் விலங்குகளின் ஈரலில் உள்ள சில நொதியங்கள் பூனையில் மிகக் குறைவாகவே தொழிற்படுகின்றன. இதனால் நமக்குச் சாதாரண மருந்தான பரசிற்றமோல்கூட அதற்கு நஞ்சாகும். "பூனைக்குக் காய்ச்சல்" என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரேயொரு வில்லை அதைக் கொன்றுவிடலாம்.

லில்லி நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. நாளத்தின் வழியே சேலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பதே சிகிச்சை. ஏறத்தாழ 18 மணித்தியாலத்துக்குள் இதைத் தொடங்கினால் பூனை பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீர் வெளியேறுவது நின்ற பின்னர் வாய்ப்பு மிகக் குறைவு. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போகவே சில மணித்தியாலங்கள் ஆகும். எனவே, "காலையில் பார்க்கலாம்" என்று காத்திராமல் அருகிலுள்ள மிருக வைத்தியரை உடனே நாடுங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உரோமத்தில் மகரந்தம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பூனை கடித்த செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். "ஏதோ லில்லி" என்று சொல்வதைக் கொண்டு மருத்துவரால் அது எந்தச் செடி என்று கண்டுகொள்ள முடியாது.