பல் கிடந்த இடம்

அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டி நிற்கும் கால்வர்ட் செங்குத்துக் கரை ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது. மயோசீன் காலத்துக் களிமண்ணும் மணலும் அங்கே அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அலை அரிக்க அரிக்க, அழிந்துபோன சுறாக்களின் பற்கள் அந்த அடுக்குகளிலிருந்து உதிர்ந்து விழுகின்றன. அவற்றில் ஒன்றான மெகலோடன் சுறாவின் பெரிய பல் ஒன்று உள்ளங்கையை நிறைக்கும். அதைத் தேடிப் போகிறவரிடம் சட்டம், உயிர்ப் பாதுகாப்பு, அறிவியல் மூன்றும் கேட்பது ஒரே கேள்விதான்: பல் எங்கே கிடந்தது?

கால்வர்ட் கிளிஃப்ஸ் மாநிலப் பூங்காவின் திறந்த கடற்கரையில் பொறுக்கியதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். செங்குத்துக் கரையின் அடியில் நடப்பதற்கே தடை. ஃபுளோரிடாவில் மாநில நிலத்திலிருந்து முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டும், ஆனால் சுறாப் பல்லுக்கு விலக்கு உண்டு. நடுவண் அரசின் நிலங்களிலோ, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆய்வு அனுமதி இல்லாமல் முதுகெலும்பிகளின் புதைபடிவத்தைத் தொடக்கூடாது, சுறாவும் முதுகெலும்பிதான். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மேரிலாந்தின் தடை வெறும் கெடுபிடி அல்ல. அலை அடிப்பகுதியைக் குடைந்துகொண்டே இருப்பதால் மேலேயுள்ள மண் பிடிமானம் இழந்து, முன்னறிவிப்பின்றிச் சரிகிறது. அங்கே கொத்தித் தோண்டுகிறவர் தமக்குப் பின்னால் வருகிறவரின் உயிருக்கும் ஆபத்தைத் தேடிவைக்கிறார்.

ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறதே, ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? விட்டுவைத்தாலும் அலை அதைத் தேய்த்துவிடாதா? மணலில் தனியே கிடக்கும் பல்லுக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். அது தன் அடுக்கை ஏற்கெனவே இழந்துவிட்டது, சட்டம் அனுமதிக்கும் இடமென்றால் தயங்காமல் எடுக்கலாம். அடுக்கிலேயே பதிந்திருக்கும் பல்லின் கதை வேறு: அதன் வயதைச் சொல்வது அந்த அடுக்குதான். மெகலோடன் சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது என்ற கணிப்பு முன்பு இருந்தது. 2019இல் வெளியான ஆய்வு, கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா பகுதிகளின் பதிவுகளை மறுபடி சோதித்து, எடுத்த இடம் தெளிவில்லாத பற்களையும் வேறு அடுக்கிலிருந்து புரண்டு வந்தவற்றையும் ஒதுக்கியது. அழிவுக் காலம் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எனப் பின்னே தள்ளிப் போனது. பத்து லட்சம் ஆண்டுகளின் வித்தியாசம்! சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மட்கிவிடும். ஆகவே பற்கள் பல ஒரே இடத்தில், அல்லது முள்ளெலும்புகளோடு சேர்ந்து தென்பட்டால் அது மிக அரிய காட்சி. அப்போது பிடுங்காமல், பாதுகாப்பான தொலைவில் நின்று படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, சாலமன்ஸ் ஊரிலுள்ள கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் இதே கேள்விதான் காப்பு. உடைந்த பல்லைப் பிசினால் நிரப்பி முழுப் பல்லாக விற்பது இந்தச் சந்தையில் நடக்கிறது. எடுத்த இடத்தையும் செய்த ஒட்டுவேலையையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். எழுதித் தந்த சீட்டைப் பல்லோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.