அரிய தேநீருக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஒரே தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றை "விலை உயர்ந்தது", மற்றதை "மலிவானது" என்று சொல்லி நண்பரிடம் கொடுங்கள். முதல் கோப்பைதான் சுவையாக இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பும் சுவையோடு கலந்துவிடுகிறது. அப்படியானால், ஓர் அரிய தேநீர் உண்மையிலேயே சிறந்ததா என்று எப்படி அறிவது?

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள ஃபூடிங் வட்டாரம், 'வெள்ளி ஊசி' என்னும் வெள்ளைத் தேயிலைக்குப் பெயர்பெற்றது. இளவேனிற்காலத்தில் விரியாத மொட்டுகளை மட்டும் கையால் கிள்ளுகிறார்கள். அவற்றை வறுப்பதில்லை, சுருட்டுவதில்லை, வாடவிட்டு உலர்த்துகிறார்கள். மொட்டின் மேலுள்ள மெல்லிய வெண்முடிகள் உதிராமல் இருப்பதால்தான் இந்தப் பெயர். பருவம் குறுகியது, வேலை அதிகம். அதனால் விலையும் அதிகம். ஆனால், அரிதாகக் கிடைப்பது வேறு, சுவையாக இருப்பது வேறு.

அதனால் சீனாவில் தேயிலையைச் சோதிக்க ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 3 கிராம் தேயிலை, 150 மில்லிலிட்டர் கொதிநீர், 5 நிமிடம். ஒப்பிடும் வெள்ளைத் தேயிலைகளுக்கெல்லாம் ஒரே அளவுதான். அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்த கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் இவையே. நீரின் அளவோ நேரமோ மாறினால், தேயிலைக்கு அல்ல, அதைத் தயாரித்த விதத்துக்கு மதிப்பெண் போட்டவர்களாகிவிடுவோம்.

மொத்தம் 100 மதிப்பெண். சுவைக்கு 30, மணத்துக்கு 25, உலர்ந்த இலையின் தோற்றத்துக்கு 25, நீரின் நிறத்துக்கு 10, ஊறிய இலைக்கு 10. சுவைப்பவர் 'உர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுவார். அப்போது தேநீர் நாக்கு முழுவதும் பரவும். மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டும். சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. சுவைப்பவரால் வேறுபாட்டை உண்மையிலேயே உணர முடிகிறதா? 1920களில் இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல். புள்ளியியல் அறிஞர் ரோனல்ட் ஃபிஷர் அதற்கொரு சோதனையை வகுத்தார். 8 கோப்பைகள்; அவற்றுள் 4 பால் முதலில் ஊற்றியவை; வரிசை மாற்றி வைக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. எனவே, வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான்.

நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு வகைத் தேநீரை நான்கு நான்கு கோப்பைகளில் ஊற்றி ஆறவிடுங்கள். எது எதுவென்று ஒருவர் மட்டும் குறித்து வைக்கட்டும். சுவைப்பவரின் கண்ணைக் கட்டிவிடுங்கள். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் அந்த உயர்ந்த விலையை அவருடைய நாக்கு உணரவில்லை, கண்தான் படித்திருக்கிறது.