மாதம் 60 வெள்ளி என்பது உண்மையில் எவ்வளவு?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்ற செய்தி பரவினால், அன்றிரவு அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுதான்: அலாரம் போடலாமா? சில நாளில் கேட்டில் ஒரு துண்டு விளம்பரமும் செருகியிருக்கும். '24 மணி நேரக் கண்காணிப்பு, மாதம் 60 வெள்ளி மட்டுமே' என்பது பெரிய எழுத்தில். மற்றவை எல்லாம் சின்ன எழுத்தில், மலாயிலோ ஆங்கிலத்திலோ. அதைப் படித்து அப்பா அம்மாவுக்குச் சொல்லும் வேலை பல வீடுகளில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத்தான் வருகிறது. ஆகவே இந்த வாரம் அந்த 60 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். கொஞ்சம் இயற்பியலும் படிவம் 1 கணிதமும் இருந்தால் போதும்.

முதலில், நாம் வாங்குவது என்ன? கதவிலும் சன்னலிலும் ஒரு சிறு காந்தம். அதற்கு எதிரே, சட்டத்தில், ரீட் சுவிட்ச் என்னும் கண்ணாடிக் குழல். குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். காந்தம் அருகில் இருக்கும் வரை அவை ஒட்டியிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகினால் தகடுகள் பிரிந்து மின்சுற்று அறுபடும். கூடத்தின் மூலையில் உயரத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி, மனித உடலின் வெப்பக் கதிரைப் பார்க்கும் அகச்சிவப்பு உணரி. இவை எல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் கொடுக்கும். பெட்டி சைரனை அலறவிடும்.

இதுவரை உள்ளது வெறும் அலாரம். கண்காணிப்பு என்பது இதற்கு மேல் வருவது. பெட்டி, தொலைபேசிக் கம்பி, இணையம், சிம் அட்டை ஆகியவற்றில் ஒன்றின் வழியாக எங்கோ இருக்கும் ஒரு மையத்துக்கும் செய்தி அனுப்புகிறது. அங்கே இருப்பவர் உங்கள் வீட்டை அழைப்பார். யாரும் எடுக்காவிட்டால், நீங்கள் கொடுத்து வைத்த உறவினர் எண்ணை அழைப்பார். அதற்குப் பிறகு ரோந்து வண்டியா, 999க்குத் தகவலா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இந்த யோசனை புதியதன்று. அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே அகஸ்டஸ் போப் என்பவர் 1853இல் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதை எட்வின் ஹோம்ஸ் 1857இல் விலைக்கு வாங்கி வியாபாரமாக்கினார். வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகள் ஒரே மையத்துக்கு வந்து சேர்ந்தன. 1877இல் பாஸ்டனில் அதே கம்பிகளில் பகலில் தொலைபேசியை இணைத்துப் பார்த்தார்கள். உலகின் முதல் தொலைபேசி இணைப்பகங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

இரவில் விழித்திருப்பவரின் சம்பளம்

மாதாமாதம் எதற்குப் பணம்? கருவியை ஒரு முறை வாங்கியாயிற்றே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். மையத்தில் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நிமிடமும் காலியாக இருக்கக்கூடாது. வாரத்துக்கு 24 × 7 = 168 மணி நேரம். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. 168ஐ 45ஆல் வகுத்தால் 3.73. முக்கால் மனிதர் கிடையாது என்பதால், ஒரு நாற்காலிக்கு 4 பேர். ஒருவர் ஒரு வீட்டுடன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வீட்டில் அலாரம் அடித்தால்? ஆகவே குறைந்தது இரண்டு நாற்காலி, 8 பேர்.

2025 பிப்ரவரி 1 முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 8 பேருக்கும் அதை மட்டுமே கொடுத்தாலும் மாதம் 13,600 வெள்ளி. சேமநிதியும் சொக்சோவும் தனி. 1,000 வீடுகள் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுக்கு 13 வெள்ளி 60 காசு. 200 வீடுகள்தான் என்றால் 68 வெள்ளி! ரோந்து வண்டியும் அதில் இருப்பவர்களும் இதில் இன்னும் சேரவில்லை. மிக மலிவான விளம்பரத்தைப் பார்த்தால், 'இந்தப் பணத்தில் எத்தனை பேர் எத்தனை வீட்டைப் பார்க்கிறார்கள்?' என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

மாதக் கட்டணமே இல்லாத கருவிகளும் கடைகளில் உண்டு. அவை நேரே உங்கள் கைப்பேசிக்கு அறிவிப்பு அனுப்பும். அப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அப்பாவால் வேலை நடுவே கைப்பேசியைப் பார்க்க முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு எல்லாருமே தூங்குகிறோம். சிலருக்கு இது போதும், சிலருக்குப் போதாது.

வெயில், பல்லி, இடி

குளிர்நாட்டில் எழுதப்பட்ட விளக்கக் கையேடு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. செலவும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 34 பாகை செல்சியஸ், அதாவது 307 கெல்வின். வீன் விதிப்படி 2,898ஐ 307ஆல் வகுத்தால், நம் உடல் மிகுதியாக வெளியிடும் கதிரின் அலைநீளம் சுமார் 9.4 மைக்ரோமீட்டர் என்று வரும். உணரி இதைத்தான் தேடுகிறது. ஆனால் அது வெப்பத்தை அளப்பதில்லை. பின்னணிக்கும் நகரும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கவனிக்கிறது. 20 பாகை அறையில் வேறுபாடு 14 பாகை. குளிரூட்டி இல்லாத கிள்ளான் வீட்டுக் கூடத்தில் பிற்பகல் 32 பாகை என்றால் வேறுபாடு வெறும் 2 பாகை. உணரியின் பார்வை மங்கிவிடும். இதற்காக நுண்ணலையையும் சேர்த்துப் பயன்படுத்தும் இரட்டை உணரிகள் உண்டு, விலை கூடுதல்.

இதற்கு நேர்மாறான தொல்லை, ஒன்றுமில்லாததற்கு அலறுவது. பல்லி கிட்டத்தட்டச் சுவரின் வெப்பநிலையிலேயே இருக்கும் பிராணி. தூரத்தில் ஓடினால் உணரிக்குப் பொருட்டில்லை. ஆனால் உணரியின் முகப்பிலேயே ஊர்ந்தால், அதற்கு முன்னே இருக்கும் காட்சி முழுவதும் திடீரென்று மாறிவிடும். உடனே அலாரம்தான். சாமி மேடையில் எரியும் விளக்குக்கு எதிரே உணரியை மாட்டினாலும் இதே கதை. அமெரிக்கக் காவல் துறைகளுக்கு வரும் அலாரத் தகவல்களில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை பொய்யானவை என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். சால்ட் லேக் சிட்டி என்ற நகரில் 2000ஆம் ஆண்டின் இறுதி முதல், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே காவலர் வருவார்கள் என்று விதித்துவிட்டார்கள். பொய் அலாரத்துக்குப் பணமும் போகலாம், மதிப்பும் போகும். வாரம் இரண்டு முறை அலறும் வீட்டை அக்கம்பக்கத்தார் மூன்றாவது வாரம் எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்தது பேட்டரி. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இருக்கும். பெட்டி அரை ஆம்பியர் இழுத்தால் 7 ÷ 0.5 = 14 மணி நேரம் தாங்கும். தீபாவளிக்கு மூன்று நாள் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். இடி இடித்து மின்பெட்டியில் டிரிப் ஆகிவிட்டது. 14 மணி நேரத்துக்குப் பிறகு வீட்டில் பாதுகாப்பு இல்லை. கண்காணிப்புக்குக் கொடுக்கும் பணம் உண்மையாக உதவும் இடங்களில் இது ஒன்று: மின்சாரம் போனது என்ற செய்தியும் மையத்துக்குப் போகும், அவர்கள் உங்களை அழைப்பார்கள். அந்தச் சேவை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈய அமில பேட்டரியின் ஆயுள் பொதுவாக 25 பாகையில் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் சுமார் 10 பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும். உறையில் 5 ஆண்டு என்று இருந்தால், வெயில் காயும் 35 பாகைச் சுவரில் இரண்டரை ஆண்டுதான்.

இடியைச் சொல்லவே வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கிறது. அருகில் விழும் மின்னல் மின்கம்பியிலும் தொலைபேசிக் கம்பியிலும் திடீர் மின்னழுத்தத்தைக் கிளப்பி, கருவியின் பலகையைக் கருக்கிவிடும். உத்தரவாதம் இதை ஏற்குமா என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

கருவி கெடாமலே பயனற்றும் போகலாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் 2022 பிப்ரவரி 22 அன்று 3ஜியை நிறுத்தும் முன், அலாரத் துறையினர் கூடுதல் அவகாசம் கேட்டு மன்றாடினார்கள். ஏராளமான வீட்டு அலாரங்கள் அதில்தான் பேசிக்கொண்டிருந்தன. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பிக்கு இணைப்பகமே மின்சாரம் தந்தது. ஒளியிழை இணையத்துக்கு வீட்டு மோடத்தில் மின்சாரம் வேண்டும். விளக்கு அணைந்தால் அதுவும் அணையும்.

இப்போது கூட்டுவோம்

கணக்குக்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. கருவி 1,800 வெள்ளி, கண்காணிப்பு மாதம் 60 வெள்ளி, பயன்படுத்தப் போவது 5 ஆண்டு, அதாவது 60 மாதம்.

கருவியை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 30 வெள்ளி. கண்காணிப்புக்குச் சேவை வரி உண்டு என்று நிறுவனம் சொன்னால் (2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு அது 8 விழுக்காடு), 60 என்பது 64.80 ஆகும். பெட்டி 10 வாட் இழுத்தால், மாதம் 720 மணி நேரத்துக்கு 7.2 கிலோவாட்-மணி, ஒன்றுக்கு 50 காசு என்று வைத்தால் 3.60. சிம் அட்டைக்கு 10 வெள்ளி. பெரிய பேட்டரியை ஒரு முறை 90 வெள்ளிக்கு மாற்றினால் மாதத்துக்கு 1.50. ஆறு கம்பியில்லா உணரிகளுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை, ஒன்று 12 வெள்ளி என்று சிறு பேட்டரி போட்டால் மாதத்துக்கு 2.40. ஐந்தாண்டில் ஒரே ஒரு மின்னல் பழுதுக்கு 360 வெள்ளி என்றால் மாதத்துக்கு 6.

மொத்தம் 118 வெள்ளி 30 காசு. விளம்பரத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு கேமராவும் ஒரு பதிவுப் பெட்டியும் சேர்ந்து 35 வாட் இழுத்தால், மின்சாரத்துக்கு மட்டும் இன்னும் 12.60 சேரும்.

இனி இன்னொரு விளம்பரம்: 'கருவி இலவசம்! மாதம் 120 வெள்ளி, 36 மாத ஒப்பந்தம்.' வரியையும் மற்றவற்றையும் விட்டுவிட்டு இரண்டையும் சமன்பாடாக எழுதுங்கள். x மாதத்துக்குப் பிறகு இலவசக் கருவித் திட்டத்தின் செலவு y = 120x. கருவியை வாங்கும் திட்டத்துக்கு y = 1800 + 60x. வரைபடத் தாளில் இரண்டு கோடும் x = 30இல், 3,600 வெள்ளியில் வெட்டிக்கொள்ளும். 30 மாதத்துக்குள் நிறுத்துவதாக இருந்தால் இலவசத் திட்டம் மலிவு. ஆனால் ஒப்பந்தம் 36 மாதம்! மலிவாக இருக்கும் காலத்தில் வெளியேற உங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு இந்த வகைக் கணக்கில் பிடித்த இடம் இதுதான். 'இலவசம்' என்ற சொல் கோட்டின் தொடக்கத்தைத்தான் கீழே இறக்குகிறது, சரிவைக் கூட்டிவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் 12 மாதத்தில் வீடு மாறுகிறது. மீதி 24 மாதக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கட்டுவது மொத்தம் 4,320 வெள்ளி. பயன்படுத்தியது 12 மாதம். மாதத்துக்கு 360 வெள்ளி. கருவியை வாங்கிய குடும்பத்துக்கு அதே 12 மாதத்தில் 2,520, மாதம் 210. கருவியை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். வாடகை வீட்டுக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதன்று. இடம் மாறினால் என்ன நடக்கும் என்பதுதான்.

இவ்வளவும் தேவைதானா என்று ஒரு வீட்டில் முடிவெடுக்கும்போது, நல்ல கிரில், வாசலில் விளக்கு, 1975 முதல் இங்கே இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா ஆகியவற்றையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றின் கோடு கிட்டத்தட்டக் கிடைக்கோடு.

கையெழுத்துப் போடுவதாக முடிவானால், பாதுகாவலர் சேவை தரும் நிறுவனத்துக்கு 1971ஆம் ஆண்டுத் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடியும்போது தானே நீளுமா, கருவி யாருக்குச் சொந்தம், பொய் அலாரத்துக்கு வண்டி வந்தால் கட்டணமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு தகராறு வந்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். கட்டணம் 5 வெள்ளி.